பக்கத்து ஊர் மதுரையில் ஒரு ராத்திரி: குடும்பத்தோடு ஹோட்டலில் தங்குவது எப்படி

விருதுநகர்க்காரர்களான எங்களுக்கு மதுரை ஒரு பகல் ஊர். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட, மண்டபத்தில் மொய் எழுத என்று காலையில் போவோம், இருட்டும் முன்னே பஸ் ஏறிவிடுவோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே அங்கே ராத்திரி தங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊர். அதன் ராத்திரியை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்ததில்லை.

அதனால் கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் சேர்த்து வைக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, ஒரே ஒரு இரவு மதுரையில் நல்ல ரூம் போட்டுத் தங்கச் சொல்கிறேன். மலை ஏறும் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்க மாட்டார்கள். லீவு போட வேண்டாம். வயதானவர்களையும் கூட்டிப் போகலாம். நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: பகலுக்கு ரூம், ராத்திரிக்கும் விடியலுக்கும் ஊர். வெயில் நேரத்தில் எதையும் சுற்றிப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, ஜவுளிக்கடைக்குள் காலே வைக்கக் கூடாது. வைத்தால் அது பழைய மதுரைப் பயணம்தான், ரூம் வாடகை தண்டம்.

முதலில் தினசரி காலண்டரைப் பாருங்கள்

மதுரை ஹோட்டல் வாடகையை ஏற்றி இறக்குவது முகூர்த்த நாள்தான். வளர்பிறை முகூர்த்தத்தோடு சேர்ந்து வரும் சனி, ஞாயிறு என்றால் பாதி ஊர் ரூம்களைக் கல்யாண வீட்டார் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். ஹோட்டலிலேயே மண்டபம் இருந்தால் இன்னும் சிரமம். விடியற்காலை நாலு மணிக்கு நாதஸ்வரம் தொடங்கிவிடும், லிஃப்டில் இடம் கிடைக்காது, காலைச் சாப்பாட்டில் இட்லி தீர்ந்திருக்கும். போன் செய்யும்போது, "அன்னைக்கு உங்க ஹால்ல விசேஷம் ஏதும் இருக்கா?" என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

என் கணக்கில் ஆடி மாதம்தான் தோது. கல்யாணம் கிடையாது, ரூம் தாராளமாகக் கிடைக்கும், விலையும் கொஞ்சம் படியும். புரட்டாசியிலும் நம் பக்கம் அவ்வளவாகக் கல்யாணம் வைப்பதில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அப்போதுதான் வரும் என்பதால், அந்த விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் சனிக்கிழமையைவிடக் குறைவாக முடியும். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லையே என்று நினைக்க வேண்டாம், ஐயப்ப பக்தர்களால் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. சித்திரைத் திருவிழா சமயத்தில் ரூம் தேடுவதே வீண்.

எந்தப் பக்கம் தங்குவது

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன் ஹால் ரோடு பக்கம் ஜங்ஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், கோயிலும் நடக்கும் தூரம். ஆனால் அங்கே இடம் நெருக்கம், நீச்சல் குளத்தை எதிர்பார்க்க முடியாது. பசுமலை, கோச்சடை, ரிங் ரோடு பக்கம் போனால் மரம், புல்வெளி, குளம் எல்லாம் உண்டு. அங்கிருந்து ராத்திரி கோயிலுக்கு வந்து திரும்புவது சின்னப் பிள்ளைகளோடு கஷ்டம்.

பிள்ளைகள், மாமியார் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து போவதாக இருந்தால் வைகைக்கு வடகரை, தல்லாகுளம் - அழகர்கோவில் சாலைப் பக்கம் பாருங்கள். நீச்சல் குளம் உள்ள ஹோட்டல்கள் அங்கே இருக்கின்றன. கோயிலுக்கு ஆட்டோ ஏறினால் நெரிசல் இல்லாத நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம். காந்தி மியூசியம் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இருவர் மட்டும் போகிறீர்கள், நீச்சல் குளம் வேண்டாம் என்றால் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜுகளே போதும். பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரூம் எடுத்தால் மறுநாள் அஞ்சு மணி வரை உங்களுடையது. பெரிய ஹோட்டல்களில் அப்படி இல்லை. மதியம் 12 அல்லது 2 மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள், மறுநாள் 11 அல்லது 12க்குக் காலி செய்ய வேண்டும். பெரிய ஹோட்டலுக்குத் தாமதமாகப் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

வாடகையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூமுக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் ரூமுக்கு 1,368 ரூபாய். வாடகையில் 200 ரூபாய்தான் வித்தியாசம், கையை விட்டுப் போவதோ கிட்டத்தட்ட 1,200 ரூபாய். ஆப்பில் விலையைப் பார்க்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

ஆப்பில் பார்த்த விலையைக் குறித்துக்கொண்டு ஹோட்டலுக்கே போன் போடுங்கள். விலை குறையாவிட்டாலும் காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தருவார்கள், அல்லது கூடுதல் மெத்தைக்குக் குறைப்பார்கள். பிள்ளைகள் வயது எத்தனை வரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். அதைக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வேறு ஆள் நிற்பார், போனில் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்காது.

பாத்ரூம்

இதைத் தனியாக எழுதக் காரணம் அத்தை, அதாவது என் மாமியார். வயதானவர்களைக் கூட்டிப் போனால் அந்த இரவு நன்றாகப் போகுமா இல்லையா என்பது பாத்ரூமில்தான் இருக்கிறது. இப்போது வரும் நல்ல ஹோட்டல்களில் ஷவர் மட்டும் வைத்து, பக்கெட்டையும் மக்கையும் எடுத்துவிட்டார்கள். எழுபது வயதில் ஷவருக்குக் கீழே நின்று தலையில் தண்ணீர் படாமல் குளிப்பது எப்படி? ரூம் போடும்போதே, "பக்கெட், மக், உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்டால் ஹவுஸ்கீப்பிங்கில் ஆள் இருக்காது.

ரூமுக்குள் போனதும் முதலில் நீங்கள் பாத்ரூமுக்குப் போய்ப் பாருங்கள். ஷவர் இடத்துக்கும் மற்ற தரைக்கும் நடுவே சின்னப் படி ஒன்று இருக்கும், ஒரே நிறத்து டைல்ஸாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது. அந்த விளிம்பில் வெள்ளைத் துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். அத்தையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் ஒரு தடவை காட்டுங்கள். சுடுதண்ணீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும், எவ்வளவு சூடாக வரும் என்பதையும் அப்போதே திருப்பிக் காட்டிவிடுங்கள். ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்காமல், கதவை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தி வையுங்கள். புது இடத்தில் எழுந்தால் எந்தப் பக்கம் கதவு என்று அவர்களுக்குத் தெரியாது.

கீழ்த்தள ரூமோ, லிஃப்டுக்குப் பக்கத்து ரூமோ கேளுங்கள். மாமியாருக்குத் தனி ரூம் போடுவதா, ஒரே ரூமில் கூடுதல் மெத்தையா என்று வந்தால் கூடுதல் மெத்தையைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுக் கட்டிலை அவர்களுக்குக் கொடுங்கள். தரையோடு போடும் மெத்தையிலிருந்து முழங்கால் வலிக்காரர் எழ முடியாது.

பையில் என்ன

சாப்பாடு கட்ட வேண்டாம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் எதுவும் வேண்டாம் என்று வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுப்புப் பக்கம் போகாத ஒரு நாள் அம்மாமார்களுக்கும் வேண்டும், அதற்காகவும்தான் போகிறோம். சின்னப் பிள்ளைக்கு ராத்திரிப் பால் மட்டும் விதிவிலக்கு. ஒரு பிளாஸ்க் எடுத்துப் போய், ஹோட்டல் சமையல் கட்டு மூடும் முன் பால் வாங்கி ஊற்றி வையுங்கள். ரூமில் இருக்கும் கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துக் கெட்டில் பாழாகும். அது தண்ணீருக்கு மட்டும்.

நீச்சல் குளத்துக்கு நைலான் துணிதான் அனுமதி. பருத்தி பனியன், அரைக்கால் சட்டையோடு இறங்க விட மாட்டார்கள், நூல் பிரிந்து தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை அடைத்துக்கொள்ளும். பெண்களுக்கு முழங்கை, முழங்கால் வரை மூடும் நீச்சல் உடை விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் குதிப்பதைக் கரையில் உட்கார்ந்து பார்த்து, துண்டு பிடித்துக்கொண்டு நிற்பதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா? நீங்களும் இறங்குங்கள். நீச்சல் தெரியாவிட்டால் இடுப்பளவு ஆழத்தில் நின்றால் போதும்.

பெரியவர்கள் எல்லாரும் அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லை என்பதால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆதார் என்றால் முதல் எட்டு எண்கள் மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்தில் எடுத்து, நகல் கேட்டால் அதைக் கொடுங்கள். அத்தையின் அட்டை பீரோவில் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் அன்று தேட வேண்டாம்.

சனிக்கிழமை மதியத்திலிருந்து

வீட்டிலேயே மதியம் சாப்பிட்டுவிட்டு ரயிலில் கிளம்புங்கள். கார் இருந்தாலும் நான் ரயிலைத்தான் சொல்வேன். கப்பலூர் டோல்கேட் இல்லை, ஊருக்குள் பார்க்கிங் தேடும் வேலை இல்லை, ஜங்ஷனில் இறங்கினால் ஆட்டோ.

ரூமுக்குப் போனதும் ஏசியைப் போட்டு எல்லாரும் ஒரு தூக்கம். பிள்ளைகள் தூங்க மாட்டார்கள், சரி, மெத்தையில் குதிக்கட்டும். ராத்திரி வெகுநேரம் விழித்திருக்கப் போகிறோம் என்பதால் பெரியவர்களுக்கு இந்தத் தூக்கம் அவசியம். நாலரை மணிக்கு வெயில் இறங்கியதும் நீச்சல் குளம். ஆழம் எவ்வளவு என்று சுவரில் எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் பிள்ளைகளை இறக்காதீர்கள். காவலுக்கு ஆள் நிற்கிறார் என்று நம்பி, கண்ணைப் போனில் வைக்காதீர்கள். ஆறு மணிக்கு ஏறி, தலை துவட்டி, கீழே காபி, பஜ்ஜி.

ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு செல்போன் எடுத்துப் போகாதீர்கள். 2018இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலில் கவுண்டரில் கொடுக்க வேண்டும். டாக்சி கூப்பிட ஒரே ஒரு போன் போதும், மற்றதெல்லாம் ரூம் லாக்கரில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் முதலில் இட்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கோயில் முடிந்து வெளியே வரப் பத்து மணி ஆகும், அதுவரை பசி தாங்காது.

எட்டு மணிக்கு மேல் கோயிலில் பகல் கூட்டம் வடிந்திருக்கும். பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம், ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் பள்ளியறை பூஜை. இதற்காகத்தான் இந்த ராத்திரியே என்று சொல்வேன். சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கநாதரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிக்குக் கொண்டுவருவார்கள். சாம்பிராணிப் புகை மண்டபம் முழுக்கச் சுற்றும். பல்லக்கு அம்மன் சந்நிதி வாசலுக்கு வந்ததும், அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே கை குவித்து நிற்கும். பக்கத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் இதைப் பார்த்ததே இல்லை, அந்த நேரத்துக்கு அவர்கள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். விசேஷ நாட்களில் நேரம் மாறும், அன்றைக்கு எத்தனை மணிக்கு என்று உள்ளே போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழி விட்டு ஓரமாக நின்றால் நன்றாகத் தெரியும்.

வெளியே வந்தால் சித்திரை வீதி. வாகனம் கிடையாது, கல் பாவிய தரை, கோபுரத்தில் விளக்கு. பிள்ளைகளை ஓட விடுங்கள். கோபுரங்கள் மொத்தம் 14, எல்லாவற்றையும் விட உயரம் தெற்குக் கோபுரம். நான்கு வீதியும் சுற்றி எத்தனை கோபுரம் கண்ணில் படுகிறது என்று எண்ணச் சொன்னால் நடை அலுப்பு தெரியாது. அத்தையால் சுற்ற முடியாது என்றால் ஒரு திண்ணையில் உட்கார வைத்து, ஒருவர் துணைக்கு இருங்கள்.

பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்கிரீம். பெரிய டம்ளர் ஒன்றைச் சின்னப் பிள்ளைகள் இருவர் பங்கிட்டால் போதும், சளி பிடிக்கும் பிள்ளைக்குப் பருத்திப்பால் தேடிக் கொடுங்கள். பெரியவர்களுக்கு சிம்மக்கல் பக்கம் கறி தோசையோ, எந்த வீதியிலும் கிடைக்கும் புரோட்டா சால்னாவோ. கோயிலுக்குப் போன அன்று கறி சேர்க்காத வீடு என்றால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

விடியல்

எல்லாரையும் எழுப்ப வேண்டாம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் ஐந்தரைக்குக் கிளம்பித் தெப்பக்குளம் போய் ஒரு சுற்று நடந்து வரலாம். கரை முழுக்க நடைப்பயிற்சிக்காரர்கள், நடுவே மைய மண்டபம், தண்ணீர் நிரம்பிய காலத்தில் காற்றே வேறு மாதிரி இருக்கும். வீட்டுக்காரரும் நானும் மட்டும் போவோம். டீக்கடையில் நின்று ஆளுக்கொரு டீ. வீட்டில் இருந்தால் அந்த நேரத்துக்கு நான் சட்னி அரைத்துக்கொண்டிருப்பேன்.

காலைச் சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கே இறங்குங்கள். ஒன்பதரைக்கு மேல் தோசைக்கல் முன்னால் வரிசை நிற்கும். தட்டு நிறைய எடுத்து வைக்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றி என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் காட்டுங்கள். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை நீச்சல் குளம். காலி செய்ய ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட்டால்தான் ஈரத்துணியைப் பிழிந்து பிளாஸ்டிக் பையில் கட்ட நேரம் இருக்கும்.

மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்கள்

பணத்தைவிடப் பெரிய தடை இதுதான். "ஊருக்குள்ள நம்ம வீடு கிடக்க, காசு குடுத்து ஓட்டல்ல போய்த் தங்குவீகளாக்கும்?" என்று சித்தி கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பாசத்தில் கேட்பது. மறைத்துப் போய் வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சித்திரை வீதியில் யாராவது பார்ப்பார்கள், இல்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்புறம் வருத்தம் ஆறாது.

ஒரு வாரம் முன்பே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். "சித்தி, பிள்ளைகளுக்கு நீச்சல் குளத்துல விளையாடணுமாம், ஒரு ராத்திரி ஓட்டல்ல இருக்கோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாடு உங்க கையாலதான்." சமைத்துப் போட வேண்டும் என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது, அதை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி நமக்கு, ஞாயிறு மதியம் அவர்களுக்கு. சித்தி வீட்டுப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூப்பிடும் முன் ஹோட்டலில் கேளுங்கள், தங்காதவர்களைப் பல இடங்களில் இறங்க விடுவதில்லை. போகும்போது மல்லிகைப்பூவும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள், மதுரைக்காரர்களுக்கு மதுரை மல்லியா என்று யோசிக்க வேண்டாம், பூ பூதான்.

சொந்தம் யாரும் இல்லாதவர்களுக்கு மதியத்துக்கு வேறு இடம் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, ஏசியும் உண்டு. வளர்ந்த பிள்ளைகள் என்றால் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் நாலு முழ வேட்டிக்கு மாறியது இதே மதுரையில், மேலமாசி வீதியில் என்பதைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் அந்தத் துணியின் முன்னால் அவர்களாகவே நிற்பார்கள்.

காலி செய்யும்போது

பில்லை வரி வரியாகப் படியுங்கள். மினி ஃபிரிட்ஜில் எடுக்காத குளிர்பானம், வாட்ஸ்அப்பில் இலவசம் என்று சொன்ன பிள்ளைச் சாப்பாடு இரண்டும்தான் தப்பாக ஏறும். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக இருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். அந்தப் பணத்தை ஸ்டூலும் பக்கெட்டும் கொண்டுவந்து வைத்தவர் கையில் கொடுங்கள். கட்டிலுக்கு அடியில், தலையணை உறைக்குள், சுவிட்ச் போர்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அத்தையின் கண்ணாடியும் சார்ஜரும் அங்கேதான் கிடக்கும். பைகளை வரவேற்பில் வைத்துப் போகக் கேட்டால் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்வார்கள். சித்தி வீட்டில் சாப்பிட்டு எழுந்து, சாயங்கால ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது வந்து எடுத்துக்கொள்ளலாம்.